சித்திரவதையில் சித்திரம் எங்கிருந்து வந்தது?

"சித்திரவதைன்னா படம் வரைஞ்சு கொல்றதாப்பா?" என்று ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். பதில் தெரியாமல் நீங்கள் நாலு பேரை விசாரித்திருக்கிறீர்கள். ஒருவர், உடம்பில் ஓவியம் தீட்டுவது போலக் கோடு கோடாகக் கீறிக் கொல்வதுதான் சித்திரவதை என்றாராம். இன்னொருவர், சித்திரகுப்தன் எழுதிய கணக்குப்படி எமலோகத்தில் கிடைக்கும் தண்டனை என்றாராம். வேதனை, அவஸ்தை இவையெல்லாம் எப்படி வந்தன, இதற்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பதன் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் ஒரு சொல் எப்படி இவ்வளவு கொடூரமான இடத்தில் போய் உட்கார்ந்தது?

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தேன், கூடவே கொஞ்சம் சமஸ்கிருதம். அப்புறம் 26 வருடமாகச் சட்ட ஆவணங்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றி எழுதிப் பிழைக்கிறேன். சித்திரவதை என்ற சொல் என் கைவழியே எத்தனை தடவை போயிருக்கும் என்று கணக்கே இல்லை. ஆனால் நான் கல்வெட்டு அறிஞரோ மொழியியல் பேராசிரியரோ அல்ல. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். இந்தச் சொல்லில் இருக்கும் சித்திரம் ஓவியம் அல்ல. 'பலவிதமான', 'கலப்பான' என்ற பொருளில் வரும் சித்திரம் அது. சமஸ்கிருதத்தில் சித்ர என்பது முதலில் ஒரு பண்பைக் குறிக்கும் சொல். பொருளின் பெயராக ஆனது பிறகுதான். கண்ணில் படுகிற, பளிச்சென்று தெரிகிற என்பதுதான் ஆதிப் பொருள். "சித்ரம் தேவானாம் உதகாத் அனீகம்" என்று சூரியன் உதிப்பதைப் பாடும் ரிக்வேத வரியில் யாரும் படம் வரையவில்லை. தேவர்களின் ஒளி மிக்க முகம் எழுந்துவிட்டது என்கிறது அது. வானத்தில் தனியாகப் பளிச்சென்று தெரியும் சித்திரை நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். அதை ஒட்டியே மாதத்துக்கும் பெயர்.

பளிச்சென்று தெரிவது என்றால் பெரும்பாலும் பல நிறமாக இருப்பது. எனவே புள்ளி புள்ளியாக, வரி வரியாக இருப்பதும் சித்ர ஆனது. புள்ளி போட்ட மிருகத்துக்குச் சித்ரக என்று பெயர் வைத்து, அது இந்தியில் சீதா ஆகி, ஆங்கிலத்துக்குப் போய், இப்போது நாம் சீட்டா என்று திரும்ப வாங்கி வைத்திருக்கிறோம். நம் ஊரில் அதற்குச் சிவிங்கிப்புலி என்று பெயர். பல நிறத்திலிருந்து பல வகை, பல வகையிலிருந்து விநோதம், வியப்பு. விசித்திரம் என்கிறோமே, அதே சித்திரம்தான். ஓவியம் என்ற பொருளும் இந்த வழியில்தான் வந்தது: பல நிறம் சேர்த்துச் செய்தது. தமிழில் இந்த ஒரு கிளை மட்டும் தழைத்து மற்றவற்றை மூடிவிட்டதால்தான் உங்கள் மகளுக்கு இந்தக் குழப்பம்.

மற்ற கிளைகள் தமிழில் பட்டுப்போய்விடவும் இல்லை. ஆத்திசூடியில் ஔவை "சித்திரம் பேசேல்" என்கிறாள். ஓவியத்தைப் பற்றிப் பேசாதே என்றா அர்த்தம்? இல்லாததை நிறம் ஏற்றி மெய் போலப் பேசாதே என்கிறாள். நால்வகைக் கவியில் சித்திரகவி ஒன்று. மாலைமாற்று, எழுகூற்றிருக்கை என்று எழுத்தையும் எண்ணையும் வைத்து வித்தை காட்டுவது. அதில் சிலவற்றைக் கட்டம் போட்டு வரையலாம் என்பது உண்மைதான், ஆனால் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்க வரும் மாலைமாற்றில் வரைய என்ன இருக்கிறது? அங்கே சித்திரம் என்றால் விநோதம்.

இதெல்லாம் வேண்டாம், சோற்றைப் பாருங்கள். சித்திரான்னம் என்று ஒன்று உண்டே. எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம் என்று கலந்த சாதங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். கர்நாடகத்தில் ஓட்டலில் உட்கார்ந்து சித்ரான்னா என்றால் மஞ்சளாக எலுமிச்சை சாதம் வந்துவிடும். சோற்றில் யாரும் ஓவியம் தீட்டுவதில்லை. வெறும் சோற்றோடு ஒன்றோ பலதோ கலந்தால் அது சித்திர அன்னம். ஒன்றும் கலக்காத வெள்ளைச் சோற்றுக்கு என்ன பெயர்? பூஜை நைவேத்தியப் பட்டியலைப் பார்த்தால் தெரியும்: சுத்தான்னம். சுத்தம் என்றால் இங்கே அழுக்கில்லாதது அல்ல, கலப்பில்லாதது. இந்தச் சுத்தம், சித்திரம் என்ற இரட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரவதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்துக்கு வருவோம். அரசன் எப்படி ஆள வேண்டும், எப்படித் தண்டிக்க வேண்டும் என்று சொல்லும் நூல், பல நூற்றாண்டு கண்ணில் படாமல் கிடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் ஓரியண்டல் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்துதான் சாமசாஸ்திரி அதைக் கண்டெடுத்தார். 1909இல் அச்சில் வந்தது. அதன் காலம் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டு என்பது பழைய கணக்கு. இப்போது ஆராய்ச்சியாளர் பலர் கி.பி. முதல் நூற்றாண்டுகள் வரை இழுக்கிறார்கள். நமக்கு வேண்டியது நாலாவது அதிகரணத்தின் (நூலின் பெரும்பிரிவு) 11ஆம் அத்தியாயம். அதன் பொருளே சுத்தமும் சித்திரமுமான தண்டனை முறைகள்.

அந்த அத்தியாயத்தின் முதல் விதி இது. சண்டையில் ஒருவனைக் கொன்றவனுக்குச் சித்ர காதம். காதம் என்றால் இங்கே கொலை. அடிபட்டவன் உடனே சாகாமல் ஏழு இரவுக்குள் செத்தால், அடித்தவனுக்குச் சுத்த வதம். பதினைந்து நாளுக்குள் செத்தால் உயர்ந்த அபராதம். ஒரு மாதத்துக்குள் என்றால் 500 பணமும் (அந்தக் கால நாணயம்) வைத்தியச் செலவும். குற்றம் இறங்க இறங்கத் தண்டனையும் படிப்படியாக இறங்குவதைப் பாருங்கள். சித்ர காதத்துக்கு ஒரு படி கீழே சுத்த வதம் இருக்கிறது. இரண்டிலும் ஆள் சாகத்தான் போகிறான். அப்படியானால் வித்தியாசம் சாவில் இல்லை, சாகும் விதத்தில். சுத்த வதம் என்பது வெள்ளைச் சோறு மாதிரி. ஒரே வெட்டு, முடிந்தது. சித்ர காதத்தில் சாவோடு வேறு பலதும் கலந்திருக்கும்.

என்ன கலந்திருக்கும் என்பதற்கு அதே அத்தியாயம் உதாரணம் தருகிறது. அரசைக் கைப்பற்ற நினைப்பவனுக்குத் தலையிலும் கையிலும் தீ வைத்துக் கொல்லுதல். தண்ணீர் நிற்கும் கரையை உடைப்பவனை அதே தண்ணீரில் மூழ்கடித்தல். (ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டாவதில் ஒரு பயங்கரமான பொருத்தம் தெரியும்.) கடைசிச் சுலோகம்தான் எனக்கு மிக முக்கியமான சாட்சி. மகாத்மாக்களின் சாஸ்திரங்களில் சொல்லப்பட்ட கிலேச தண்டனைகள் இவை, ஆனால் குரூரம் இல்லாத குற்றங்களுக்குச் சுத்த வதமே தர்மம் என்று முடிகிறது அது. கிலேச தண்டம்! மனக்கிலேசம் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதே கிலேசம். சித்ர என்று தொடங்கியதை முடிக்கும்போது கிலேசம் என்று கௌடில்யரே விளக்கிவிடுகிறார். ஆக, சித்திரவதை என்பது துன்பம் கலந்த கொலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வருவது இன்னும் நுணுக்கமான இடத்தில். அந்தச் சித்ர என்பதைப் 'பலவகை முறைகளால்' என்று எடுப்பதா, 'விநோதமான, பார்ப்பவர் திடுக்கிடும்படியான' என்று எடுப்பதா? சொல்லின் வரலாற்றில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மனுஸ்மிருதி 9ஆம் அத்தியாயம் 248ஆம் சுலோகத்தில் "சித்ரைர் வதோபாயைர்" என்று வருகிறது: சித்ரமான கொல்லும் உபாயங்களால், அச்சம் விளைவிக்கும்படி, அரசன் கொல்ல வேண்டும் என்று. யாரை என்று படித்தால் வயிறு எரியும்: பிராமணரை வேண்டுமென்றே துன்புறுத்தும் கீழ்ச்சாதியானை. உபாயங்கள் என்று பன்மையில் வருவதால் பலவகை என்ற பொருள்தான் முன்னே நிற்கிறது என்பது என் கருத்து. அச்சம் விளைவிக்கும் என்பதைத் தனிச் சொல்லால் சொல்லிவிட்டதால், சித்ரவும் அதையே சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனால் இது வாசிப்புதான். வேறு மாதிரி வாசிப்பவரோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்று இந்தப் பலவகைக்கு நன்றாகப் பொருந்தும். பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் என்ன செய்கிறான்? நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைக்கிறான். நஞ்சு கலந்த சோறு கொடுக்கிறான். யானையை ஏவுகிறான். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போடுகிறான். "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாட்டு நீற்றறையில் பாடியதாகத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சுத்த வதத்தில் முடித்திருக்கக்கூடியவன் ஒவ்வொரு வகையாக முயன்று பார்க்கிறான். அர்த்தசாஸ்திரக்காரர் பார்த்திருந்தால் சித்ரம் என்றுதான் பதிவேட்டில் எழுதியிருப்பார்.

இப்போது உங்களுக்குக் கிடைத்த இரண்டு விளக்கங்கள். சித்திரகுப்தன் கதையைத் தள்ளிவிடலாம். பெயரில் இருக்கும் சித்திரம் என்ற ஒற்றுமையைத் தவிர ஒரு ஆதாரமும் இல்லை, அவன் வேலையும் கணக்கு எழுதுவதே தவிர அடிப்பதல்ல. உடம்பில் ஓவியம் என்ற விளக்கம் அப்படி அல்ல. வரலாறாக அது தவறு. ஆனால் அந்தத் தவறு சொல்லின் இன்றைய பொருளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஓவியன் ஒரே வீச்சில் வரைய மாட்டான், கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுவான். அதனால்தான் சித்திரவதை என்றதும் நமக்குச் 'சிறுகச் சிறுக' என்பது முதலில் தோன்றுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் மெதுவாக என்ற நிபந்தனை கிடையாது. தீயும் தண்ணீரும் மெதுவான வேலையா என்ன? மெதுவும் நுணுக்கமும் ஓவியத்தின் வழியாகத் தமிழ்க் காதுக்குள் வந்து சேர்ந்தவை. இதை நிரூபிக்க என்னிடம் கல்வெட்டு கிடையாது. இத்தனை வருடம் மக்கள் இந்தச் சொல்லை எப்படி விளக்குகிறார்கள் என்று கேட்டதில் வந்த எண்ணம்.

சரி, வதை. இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. வத என்றால் அடித்தல், கொல்லுதல். தமிழில் அது வதம் என்றும் வதை என்றும் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தது. கம்பராமாயணத்தில் வாலி வதைப் படலம், கும்பகருணன் வதைப் படலம் என்றெல்லாம் வருகிறதே, அங்கே வதை சுத்தமான கொலை. ராமன் வாலியை யாரும் சொல்லும் பொருளில் வதைக்கவில்லை, ஒரு அம்பு விட்டான். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் சொத்தைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். மகிஷாசுர வதம் என்று தெய்வம் செய்வது வதம். மனிதன் மனிதனுக்கோ மாட்டுக்கோ செய்வது வதை, அதில் உயிர் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்கிறோம். அங்கே வதை என்றால் கொடுமைப்படுத்துவது. பசுவதைத் தடை என்றால் மட்டும் கொல்லுவது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் மாற்றிப் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இலங்கையில் ராகிங்குக்குப் பகிடிவதை என்று அருமையான சொல் வைத்திருக்கிறார்கள். பகிடி (கேலி) என்று தொடங்கி வதையில் முடிவதுதானே அந்தச் செயலின் வரலாறே. வதைமுகாம் என்ற சொல்லும் அங்கே நன்றாகப் புழங்கிய ஒன்று. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொலையிலிருந்து கொடுமைக்கு இந்த வழுக்கல் தமிழில் மட்டும் நடந்ததும் அல்ல. மனு தண்டனைகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வாக்கால் கண்டிப்பது, அடுத்து சீ என்று இகழ்வது, மூன்றாவது பணம், அதற்கு மேல் வத தண்டம் என்கிறார். அந்த வத தண்டத்தில் அடியும் உறுப்பு வெட்டுவதும் அடக்கம். சிங்களத்திலும் சித்திரவதைக்கு வதஹிம்சா என்றே சொல்கிறார்கள். தெலுங்கில் சித்ரவத, சித்ரஹிம்ச இரண்டும் உண்டு. கன்னடத்தில் சித்ரஹிம்செ. மலையாளத்தில் சித்ரவதம். இந்திக்குப் போனால் காட்சி மாறுகிறது, அங்கே யாதனா. அதுவும் நமக்குத் தெரிந்த யாதனைதான், நரகத்தில் அனுபவிக்கும் துன்பம். சைவ நூல்களில் அதை அனுபவிப்பதற்கென்றே யாதனா சரீரம் என்று ஒரு தனி உடம்பு கூட உண்டு. இந்தியில் நரகத்தின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், தெற்கே நாம் அரசனின் சொல்லை எடுத்துக்கொண்டோம். ஒரு எச்சரிக்கை: வாதை என்பது வேறு. பாதா என்பதிலிருந்து வந்தது அது. விவிலியத்தில் எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளும், கன்னியாகுமரிப் பக்கம் மாடனோடு சேர்த்துச் சொல்லும் வாதையும் இந்தக் குடும்பம். வதையோடு அதற்கு உறவில்லை, ஒலிதான் கிட்டத்தில் இருக்கிறது.

வேதனையைக் கேட்டீர்கள். வேதமும் வேதனையும் ஒரே வேர்தான்: வித், அறிதல். வேதனா என்றால் முதலில் உணர்தல் மட்டுமே. பௌத்தத்தில் இன்ப வேதனை, துன்ப வேதனை, இரண்டுமற்ற வேதனை என்று மூன்று சொல்வார்கள். இன்ப வேதனை என்று இன்று எழுதினால் சினிமாப் பாட்டு எழுதுகிறோம் என்பார்கள். துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் சங்கிலி என்று பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு நிதானங்களை மணிமேகலை தமிழில் அடுக்கும்போது "வாயில் ஊறே நுகர்வே வேட்கை" என்று இந்த வேதனாவை நுகர்வு என்று மொழிபெயர்த்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக இதே வேலை செய்பவன் என்ற முறையில் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். உணர்வது எல்லாமே கடைசியில் வலிதான் என்ற முடிவுக்குச் சொல் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

அவஸ்தை இன்னும் விநோதம். அவஸ்தா என்றால் நிலைமை. விழிப்பு ஒரு அவஸ்தை, கனவு ஒரு அவஸ்தை; சைவ சித்தாந்தம் ஐந்து அவத்தை என்று எண்ணும். வெறும் நிலைமை என்ற சொல் கஷ்டம் என்று ஆனதற்கு மரணாவஸ்தை போன்ற கூட்டுச்சொற்கள் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 'என் நிலைமையைப் பார்' என்று யாராவது சொன்னால் நல்ல நிலைமையையா காட்டுகிறார்கள்? அவதியும் இதே ரகம். சமஸ்கிருத அவதி என்றால் எல்லை, கெடு. கேரளத்து நண்பர் ஒருவர் "நாளைக்கு அவதி" என்று சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை! கெடு என்ற பொருளிலிருந்து அவர்கள் லீவுக்குப் போனார்கள். தமிழின் அவதியும் அதே சொல்தானா, தற்செயலாக ஒலி ஒத்த வேறொன்றா என்பதில் எனக்கு இரண்டு மனம். சொல் ஒன்றுதான் என்றால், கெடு நெருங்கும்போது படுகிற பாடு என்று பொருள் நகர்ந்திருக்க வேண்டும். கடன் வாங்கியவர்களுக்கு அது புரியும்.

நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதா என்றால், துன்பத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. இடும்பை, எவ்வம், அல்லல், அவலம், இன்னல், விழுமம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இவை எல்லாம் ஒருவர் படுவது. இன்னொருவர் வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்வது என்ற பொருளுக்கு வள்ளுவரின் 'இன்னா செய்தல்' கிட்ட வருகிறது, ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரன் செய்யும் தீங்குக்கும் பொருந்தும். அரசன் கொல்வதைப் பற்றி அவர் சொல்லும் இடம் வேறு: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." களை எடுப்பவன் களையை வதைப்பதில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போகிறான். வள்ளுவருக்கு மரண தண்டனை சம்மதம், ஆனால் அது சுத்த வதம் என்று நான் படிக்கிறேன். வன்கொடுமை என்ற சொல் அழகாக இருக்கிறது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதற்குச் சாதி சார்ந்த கொடுமை என்ற தனிப் பொருள் உறுதியாகிவிட்டது, அதைக் கலைக்கக் கூடாது. எனவே நான் சித்திரவதையையே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சொல்லின் தலைகீழ் மாற்றம் எனக்குப் பிடிக்கும். அர்த்தசாஸ்திரத்தில் சித்ர காதம் குற்றத்தின் பெயர் அல்ல, தண்டனையின் பெயர். அரசன் சட்டப்படி செய்வது. இன்று அதே சொல் எந்த அரசும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாத ஒன்றின் பெயர். 1984இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையைத் தமிழில் சித்திரவதைக்கு எதிரான சமவாயம் என்கிறோம். இலங்கை 1994இல் அதில் சேர்ந்து அதே ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. தண்டனைப் பட்டியலில் உச்சியில் இருந்த சொல் குற்றப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. அன்றாடப் பேச்சிலோ அது வேறு வழியில் போய்விட்டது. மொக்கைப் படம் பார்த்தால் சித்திரவதை, மேல்வீட்டில் டிரில் போட்டால் சித்திரவதை. இதில் எனக்குக் கோபம் இல்லை. கொடுமைக்கும் அதுதான் நடந்தது.

ஆனால் உண்மையில் அதை அனுபவித்தவர்கள் இந்தச் சொல்லைச் சொல்வது அபூர்வம். 1855இல் சென்னை மாகாணத்தில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையம் ஒன்று அறிக்கை கொடுத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று ஆணையர்கள். நிலவரி பாக்கியை வசூலிக்கக் கீழ்மட்ட அதிகாரிகள் குடியானவர்களை என்ன செய்தார்கள் என்பதுதான் அதன் பெரும்பகுதி. மிகச் சாதாரணமாக நடந்தவை என்று அது இரண்டைச் சொல்கிறது. ஒன்று கிட்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையை, விரலை வைத்து நெருக்குவது. இன்னொன்றை ஆங்கில எழுத்தில் அனுந்தால் என்று பதிந்திருக்கிறார்கள், அண்ணாந்தாள் என்ற சொல்லாக இருக்கும் என்பது என் ஊகம். கழுத்தின் மேலும் கால்விரலுக்கு அடியிலும் கயிற்றையோ பிடிபட்டவனின் துணியையோ கொடுத்துக் குனிந்தபடியே கட்டிப்போடுவது. ஆங்கிலத்தில் அறிக்கையின் தலைப்பில் பொதுச்சொல் இருக்கிறது. தமிழ் வாயிலிருந்து வந்ததோ கிட்டி.

என் மேசைக்கு வரும் வாக்குமூலங்களும் அப்படித்தான். "கட்டி வச்சு அடிச்சாங்க", "தண்ணி கேட்டேன், குடுக்கல", "ராத்திரி பூரா நிக்க வச்சாங்க" என்று இருக்கும். அதற்கு மேலே கோர்ட்டு மனுவின் முதல் பத்தியில் "மனுதாரர் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டார்" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியது வக்கீல் குமாஸ்தா.